விமானம் கடத்தப்பட்டால் பயணி எழுவதா, உட்கார்ந்திருப்பதா?

2025 செப்டம்பர் 22 அன்று பெங்களூரிலிருந்து வாரணாசிக்குப் பறந்துகொண்டிருந்த விமானத்தில் ஒரு பயணி விமானி அறைக் கதவருகே போய் நின்றார். கழிவறையைத் தேடி வந்ததாகச் சொன்னார். கதவு திறக்கவில்லை. விமானம் பத்திரமாக இறங்கியது, அவரைப் பாதுகாப்புப் படையினரிடம் ஒப்படைத்தார்கள். ஆனால் செய்தி பரவியபோது 'கடத்தல்' என்ற சொல்லும் அதோடு ஒட்டிக்கொண்டு பரவியது.

சேலத்துக்காரர்களுக்கு இது எங்கோ நடந்த கதை இல்லை. ஓமலூர் பக்கம் கமலாபுரம் விமான நிலையத்தில் 2018 மார்ச்சில், சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் உடான் திட்டத்தின் கீழ் சேவை தொடங்கி, இடையில் நின்றுபோய், 2023 அக்டோபரில் மறுபடியும் விமானங்கள் வர ஆரம்பித்தன. அதுவரை பஸ்ஸையும் ரயிலையும் மட்டுமே அறிந்திருந்த குடும்பங்கள் முதல்முறையாக விமானத்தில் ஏறுகின்றன. அவர்களுக்கு எழும் கேள்விகள் நியாயமானவை. யாராவது அந்தக் கதவை உடைத்துவிட முடியுமா? உடைக்கப் போனால் நாம் எழுந்து தடுக்கலாமா, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா?

இரண்டாவது கேள்விக்கு 2001 செப்டம்பர் 11-க்கு முன் ஒரு பதில் இருந்தது. அதற்குப் பிறகு பதில் மாறிவிட்டது. மாறிய காரணம் தெரிந்தால்தான் செக்யூரிட்டி செக்கில் நடப்பதும் விமானத்துக்குள் நடப்பதும் புரியும்.

எதைக் கடத்தல் என்கிறது சட்டம்?

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும் பஸ்ஸில் ஒருவர் தகராறு செய்தால் கண்டக்டர் விசில் அடிப்பார், டிரைவர் வளைவு தாண்டி ஓரம் கட்டுவார், ஆளை இறக்கிவிடலாம். விமானத்துக்கு ஓரம் கிடையாது. உள்ளே பிரச்சினை செய்பவரும் மற்ற எல்லோரும் தரையைத் தொடும்வரை ஒரே குழாய்க்குள்தான் இருந்தாக வேண்டும். அதனால்தான் தரையில் சின்னக் குற்றமாக முடியும் ஒரு செயலுக்கு வானத்தில் எடை கூடிவிடுகிறது.

இந்தியாவில் இப்போது நடைமுறையில் இருப்பது 2016-ஆம் ஆண்டின் கடத்தல் தடுப்புச் சட்டம். 1982-இல் வந்த பழைய சட்டத்தை நீக்கிவிட்டு 2017 ஜூலையில் இது அமலுக்கு வந்தது. இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. பலத்தால் மட்டுமின்றி மிரட்டல், அச்சுறுத்தல், தொழில்நுட்ப வழி என எந்த வகையில் விமானத்தைக் கைப்பற்றினாலும் அது கடத்தல்தான். நம்பத்தக்க முறையில் மிரட்டுவதும் குற்றத்துக்குள் வருகிறது.

2. புறப்பாட்டுக்கு முந்தைய ஆயத்தம் தொடங்கியதிலிருந்து, இறங்கி 24 மணி நேரம் ஆகும்வரை விமானம் 'சேவையில்' இருப்பதாகச் சட்டம் கொள்கிறது. தரையில் நிற்கும் விமானம் என்பதால் சலுகை இல்லை.

3. கடத்தலில் உயிர் போனால் மரண தண்டனை வரை விதிக்கலாம். மற்றபடி ஆயுள் சிறை. கூடவே சொத்துப் பறிமுதலும் உண்டு.

மேலே சொன்ன கழிவறைக் குழப்பம் போன்ற சம்பவத்தில் உள்நோக்கம் இருந்ததா என்பதை விசாரணைதான் சொல்ல முடியும். வாட்ஸ்அப்பில் வரும் தலைப்பு அதைச் சொல்லாது.

உட்காரச் சொன்ன காலம்

1968 முதல் 1972 வரை அமெரிக்காவில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட கடத்தல்கள், கடத்தல் முயற்சிகள் நடந்தன. அந்த நாட்களில் பெரும்பாலான கடத்தல்காரர்களுக்கு வேண்டியது பணம், வேற்றுநாட்டில் அடைக்கலம், அல்லது சிறையில் இருக்கும் கூட்டாளிகளின் விடுதலை. இவை எல்லாம் கிடைக்க அவர்களும் உயிரோடு தரை இறங்கியாக வேண்டும். பயணி உயிரோடு இருந்தால்தான் பேரத்துக்கு மதிப்பு.

இந்தக் கணக்கின் மேல்தான் விமானப் பணியாளர்களின் பயிற்சி அமைந்தது. கேட்ட இடத்துக்கு ஓட்டு, எதிர்க்காதே, நேரத்தை இழு, தரையிறங்கிய பிறகு அரசு பேசிக்கொள்ளும். பயணிகளுக்கும் அதுவேதான்: தலையைக் குனிந்து உட்கார்ந்திரு. அன்றைக்கு அது சரியான அறிவுரை. பெரும்பாலோர் வீடு திரும்பினார்கள்.

இந்தியாவில் 1971 ஜனவரி 30 அன்று ஸ்ரீநகரிலிருந்து ஜம்மு சென்ற 'கங்கா' விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டது. பயணிகளை விடுவித்த பின் விமானத்தைக் கொளுத்தினார்கள். 1978 டிசம்பரில் லக்னோ–டெல்லி விமானத்தை இரண்டு இளைஞர்கள் வாரணாசிக்குத் திருப்பினார்கள். அவர்கள் கோரியது அப்போது கைதாகியிருந்த இந்திரா காந்தியின் விடுதலை. கையில் இருந்தது பொம்மைத் துப்பாக்கியும் ஒரு கிரிக்கெட் பந்தும். அந்தப் பந்தைக் குண்டு என்று நம்பி ஒரு விமானமே பணிந்தது. 1993 மார்ச் 27 அன்று டெல்லியிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விமானம்கூட கடத்தப்பட்டு அமிர்தசரஸில் போய் இறங்கியது. கடத்தியவர் ஒருவரே.

இந்த வரிசையின் கடைசியில் நிற்பது காந்தஹார். 1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய ஐசி 814 விமானம் அமிர்தசரஸ், லாகூர், துபாய் வழியாக ஆப்கானிஸ்தான் போனது. அமிர்தசரஸில் முக்கால் மணி நேரத்துக்கும் மேல் நின்றும் அதைத் தடுத்து நிறுத்த முடியவில்லை. ஒரு பயணி கொல்லப்பட்டார். டிசம்பர் 31 அன்று மூன்று தீவிரவாதிகளை விடுவித்த பிறகே விமானத்தில் எஞ்சியிருந்தவர்கள் மீண்டார்கள். "அத்தனை பேர் இருந்தும் ஐந்து பேரை அடக்க முடியவில்லையா?" என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி அந்தப் பயணிகளுக்கு இழைக்கும் அநீதி. அன்றைய உலகம் முழுவதும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது, உட்கார்ந்திரு என்பதைத்தான்.

71 நிமிடங்கள்

2001 செப்டம்பர் 11 காலை நியூயார்க் நேரம் 8:46-க்கு முதல் விமானம் உலக வர்த்தக மையக் கோபுரத்தில் மோதியது. கடத்தியவர்களிடம் பெரிய ஆயுதம் எதுவும் இல்லை. அட்டைப்பெட்டி அறுக்கும் பிளேடு போன்ற சிறு கத்திகள்தான். நான்கு அங்குலத்துக்குக் குறைந்த கத்திகளை அன்று அமெரிக்க விமானங்களில் எடுத்துச் செல்லலாம். அவர்களின் உண்மையான ஆயுதம் 'எதிர்க்காதே' என்ற அந்தப் பழைய விதி. யாரும் எழ மாட்டார்கள் என்று தெரிந்தே ஏறினார்கள்.

நான்காவது விமானமான யுனைடெட் 93 தாமதமாகக் கிளம்பியிருந்தது. கடத்தல் தொடங்கியது 9:28-க்கு. பயணிகள் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் போன் செய்தார்கள். மறுமுனையில் இருந்தவர்கள் டிவியில் பார்த்ததைச் சொன்னார்கள். இந்த விமானம் எங்கும் இறங்கப்போவதில்லை என்பது அப்போதுதான் உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்தது. அவர்கள் கலந்து பேசினார்கள். 9:57-க்கு எழுந்தார்கள். 10:03-க்கு விமானம் பென்சில்வேனியாவில் ஷாங்க்ஸ்வில் அருகே வயலில் விழுந்தது. பயணிகளும் பணியாளர்களுமாக 40 பேர் இறந்தார்கள். இலக்கு எதுவோ, அது தப்பியது.

முதல் மோதலுக்கும் இந்த எழுச்சிக்கும் இடையே 71 நிமிடங்கள். முப்பது ஆண்டுப் பயிற்சி அந்த நேரத்துக்குள் செல்லாக்காசு ஆனது. எந்த அரசும் உத்தரவு போடவில்லை. திடீரென்று ஒரு விமானம் நிறைய வீரர்கள் முளைத்துவிட்டதாகவும் எனக்குத் தோன்றவில்லை. தகவல் வந்தது, கணக்கு மாறியது. உட்கார்ந்திருந்தால் பிழைக்கலாம் என்ற நம்பிக்கையில்தான் கடத்தல்காரனின் அதிகாரம் இருந்தது. அது போனதும் அதிகாரமும் போயிற்று.

அதன்பின் நடந்தவை இதை உறுதி செய்கின்றன. 2001 டிசம்பர் 22 அன்று பாரிஸ்–மயாமி விமானத்தில் ஒருவர் தன் ஷூவில் மறைத்த வெடிபொருளைப் பற்றவைக்க முயன்றபோது, பணிப்பெண்கள் தடுக்க, பயணிகள் பாய்ந்து பெல்ட்டுகளாலும் ஹெட்போன் வயர்களாலும் அவரைக் கட்டிப்போட்டார்கள். 2009 கிறிஸ்துமஸ் அன்று டெட்ராய்ட் நெருங்கிய விமானத்தில் உள்ளாடையில் வெடிபொருள் வைத்திருந்தவரையும் பயணிகளும் பணியாளர்களும் சேர்ந்தே அடக்கினார்கள். 2012 ஜூன் 29 அன்று சீனாவின் ஹோட்டனிலிருந்து உரும்சிக்குப் புறப்பட்ட விமானத்தில் ஆறு பேர் ஊன்றுகோலாகக் கொண்டுவந்த அலுமினியக் குழாய்களோடு எழுந்தார்கள். பயணிகள் திருப்பி மடக்கினார்கள், விமானம் கிளம்பிய இடத்துக்கே திரும்பியது.

கமலாபுரத்தில் உங்கள் பையை ஏன் திறக்கிறார்கள்?

செக்யூரிட்டி செக்கில் இருக்கும் ஒவ்வொரு நடைமுறைக்கும் பின்னால் ஒரு தேதி உண்டு. 1976-இல் நடந்த ஒரு இந்திய விமானக் கடத்தலுக்குப் பிறகு 1978-இல் சிவில் விமானப் பாதுகாப்புக்கான தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. 329 பேரைப் பலிகொண்ட 1985 ஏர் இந்தியா 'கனிஷ்கா' விமானக் குண்டுவெடிப்புக்குப் பிறகு 1987-இல் அது தனித்துறையானது. காந்தஹாருக்குப் பின் 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி மத்திய தொழில் பாதுகாப்புப் படை விமான நிலையங்களைப் பொறுப்பேற்றது. பயணி ஏறாமல் அவர் பெட்டி மட்டும் ஏறக்கூடாது என்ற கண்டிப்பின் அருமை தமிழ்நாட்டுக்கு ரத்தத்தில் தெரியும்: 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் வெடித்ததும் பயணி ஏறாமல் விட்டுப்போன பெட்டிதான். அன்று இறந்தவர்கள் 30-க்கும் மேல்.

எக்ஸ்ரே திரையில் பணியாளர் பார்ப்பது நிறங்களை. துணி, காகிதம், சாப்பாடு போன்ற கரிமப் பொருள்கள் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். உலோகம் நீலம். இரண்டுக்கும் இடைப்பட்டவை பச்சை. கதிர் ஊடுருவ முடியாத அளவுக்கு அடர்த்தியானது கறுப்பாக நிற்கும்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரி ஒருவர் ஹைதராபாத் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். ஹேண்ட் பேக்கில் நான்கு கிலோ கொலுசு, பொட்டலம் பொட்டலமாக. அதன் கீழே உறவினர் வீட்டுக்கு ஏற்காட்டுக் காப்பித்தூள். திரையில் நடுவே ஒரு கறுப்புக் கட்டி, அதை ஒட்டி ஆரஞ்சு நிறத்தில் ஒரு செங்கல். பெல்ட் நிற்கிறது.

"ஐயா, உங்க பைங்களா? உள்ளே என்ன?"

"கொலுசுங்க. கீழ காப்பித்தூளுங்க."

"எடுத்து ட்ரேல தனியா வைங்க."

கறுப்புக்குப் பின்னால் எதையும் மறைக்கலாம். வெடிபொருள்களில் பெரும்பாலானவையும் ஆரஞ்சாகத்தான் தெரியும். பணியாளர் சந்தேகப்பட்டது அந்தப் படத்தை, அந்த மனிதரை அல்ல. வரிசையில் எல்லோர் முன்னாலும் பையைத் திறக்கச் சொல்லும்போது பெரியவர்கள் சிலர் கூனிக் குறுகிப் போவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும். அதில் அவமானப்பட எதுவும் இல்லை. வெள்ளியையும் தூளையும் வீட்டிலேயே தனித்தனிப் பையில் வைத்துவிட்டால் திறக்கவே வேண்டி வராமல் போகலாம்.

சபரிமலை போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஹேண்ட் பேக்கில் தேங்காய்க்கு அனுமதி கிடையாது. 2022 நவம்பரிலும் 2024 அக்டோபரிலும் இருமுடித் தேங்காய்க்கு, சோதனைக்கு உட்பட்டு, அந்தந்தப் பருவத்துக்கு மட்டும் விலக்கு தந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அந்தக் கதவு

60 இருக்கைக்கு மேல் உள்ள பயணிகள் விமானங்களில் விமானி அறைக்கு வலுவூட்டிய, பூட்டக்கூடிய கதவு இருக்க வேண்டும் என்பது 2003 நவம்பர் முதல் சர்வதேச விதி. சேலம் வரும் ஏடிஆர் 72 போன்ற சிறிய விமானமும் இந்த எண்ணிக்கைக்குள் வந்துவிடுகிறது. வெளியே எண்பலகை இருக்கும் விமானங்களில் சரியான எண்ணைத் தட்டினாலும் உள்ளே இருக்கும் விமானி மறுக்க முடியும். ஆக, ஒரு பயணி எண்களைத் தட்டிப் பார்த்ததால் கதவு திறந்துவிடாது.

இந்த வலிமைக்கும் ஒரு விலை உண்டு. 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தின் துணை விமானி, கேப்டன் வெளியே போனதும் கதவைப் பூட்டிக்கொண்டு ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர் இறந்தார்கள். கடத்தல்காரனைத் தடுக்கச் செய்த கதவு கேப்டனையே தடுத்தது. ஒரு விமானி வெளியே வரும்போது பணிப்பெண் ஒருவர் உள்ளே போய் நிற்கும் வழக்கம் பல இடங்களில் பரவியது அதன் பிறகுதான்.

உள்ளே இருக்கும் விமானியிடம் இன்னொன்றும் இருக்கிறது. தரை ரேடாருக்குச் சிக்னல் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் 7500 என்று போட்டால், ஒரு வார்த்தை பேசாமலேயே தரைக் கட்டுப்பாட்டுக்குக் 'கடத்தல்' என்று தெரிந்துவிடும். இந்தியாவின் 2005-ஆம் ஆண்டுக் கொள்கைப்படி, கடத்தப்பட்ட விமானம் நம் மண்ணில் இறங்கிவிட்டால் மறுபடி கிளம்ப விடக்கூடாது. அமிர்தசரஸின் பாடம் அது. ஏவுகணைபோல் பயன்படுத்தப்படும் விமானத்தைச் சுட்டு வீழ்த்தவும் அந்தக் கொள்கை இடம் தருகிறது.

வெளிக்கதவைத் திறந்துவிடுவார்களோ என்ற பயமும் பலருக்கு உண்டு. உயரத்தில் பறக்கும் ஜெட் விமானத்தில் உள்ளழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 8 பவுண்டு கூடுதலாக இருக்கும். ஆறடி உயரம், இரண்டரை அடி அகலக் கதவுக்குக் கணக்குப் போட்டால் ஏழு டன்னுக்கு மேல். எந்த மனிதராலும் முடியாது. தரையிலும் தரையை நெருங்கும்போதும் அந்த அழுத்தம் குறைந்துவிடும். 2023 மே மாதம் தென்கொரியாவின் டேகு நகரில் இறங்கவிருந்த விமானத்தில் ஒருவர் கதவைத் திறந்தது சுமார் 200 மீட்டர் உயரத்தில். ஏடிஆரில் அவசர வழி கேபினின் முன்பக்கம் இருக்கிறது. அங்கே இடம் கிடைத்தவர்கள் அந்தக் கைப்பிடியைக் கைவைக்கும் இடமாக நினைத்துவிடக் கூடாது.

கேபினில் ஏதாவது நடந்தால்

பழைய விதி போய்விட்டது என்பதால் 'சந்தேகம் வந்தால் பாய்' என்பது புதிய விதி ஆகிவிடவில்லை. எனக்குக் கவலை தருவது இந்த இடம்தான்.

1. முதலில் பணியாளருக்குச் சொல்லுங்கள். தலைக்கு மேலே இருக்கும் அழைப்பு பட்டனை அழுத்தி, மெல்லிய குரலில். அவர்களிடம் விமானி அறையோடு பேசும் போன் இருக்கிறது. 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் பான் ஆம் 73 விமானத்துக்குள் கடத்தல்காரர்கள் ஆயுதங்களோடு ஏறியபோது, பணிப்பெண் நீரஜா பானோட் கொடுத்த எச்சரிக்கையால் விமானிகள் மேல்வழியாக வெளியேறினார்கள். ஓட்ட ஆள் இல்லாததால் விமானம் தரையிலேயே நின்றது. பயணிகளைக் காக்கும்போது உயிர்விட்ட அவருக்கு வயது 22.

2. உதவி கேட்டால் செய்யலாம், கட்டாயம் இல்லை. விமானத்துக்குள் நடக்கும் குற்றங்கள் பற்றிய 1963 டோக்கியோ உடன்படிக்கையை இந்தியா 1975-இல் சட்டமாக்கியது. அதன்படி கேப்டன் பணியாளர்களுக்கு உத்தரவிடலாம், பயணிகளிடம் உதவி கோரலாம், ஆனால் வற்புறுத்த முடியாது. பாதுகாப்புக்கு உடனடியாகத் தேவை என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், யாரையும் கேட்காமலே பயணி தடுப்பு நடவடிக்கை எடுக்கலாம். அப்படிச் செய்தவர்மேல் பின்னால் வழக்கு வராமல் இருக்கவும் அதில் பாதுகாப்பு உண்டு.

3. 'உடனடி' என்ற சொல்தான் எல்லை. பணியாளரைத் தாக்குவது, விமானி அறைக் கதவை உடைக்க முற்படுவது, எதையாவது பற்றவைப்பது ஆகியவை அதற்குள் வரும். வழி தவறி நிற்பவர், வேறு மொழி பேசுபவர், பதற்றத்தில் வியர்ப்பவர், தொழுகை அல்லது ஜெபம் முணுமுணுப்பவர் வரமாட்டார்.

4. அடக்கிய பிறகு நிறுத்துங்கள். 2000 ஆகஸ்ட் மாதம் லாஸ் வேகாஸிலிருந்து சால்ட் லேக் சிட்டி சென்ற விமானத்தில் விமானி அறைக் கதவை உதைத்த 19 வயது இளைஞரைப் பயணிகள் மடக்கினார்கள். மடக்கியது சரி. ஆனால் அவர் பிழைக்கவில்லை; மூச்சுத்திணறி இறந்ததாகப் பிரேதப் பரிசோதனை சொன்னது. கையைக் கட்டி இருக்கையில் உட்கார வைத்தால் போதும். முதுகில் ஏறி உட்காரக்கூடாது, கழுத்தை அழுத்தக்கூடாது. பிடிபட்டவர் மனநலம் குன்றியவராக இருக்கலாம். பாதி உண்மை மட்டும் தெரிந்த ஐம்பது பேர் சுற்றி நிற்கையில் ஒருவராவது "போதும், விடுங்க" என்று சொல்ல வேண்டும்.

5. கமாண்டோக்கள் நுழைந்தால் தலை தாழ்த்தி, வெறும் கைகள் தெரியும்படி இருங்கள். போனைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள். இருட்டில் போனும் துப்பாக்கியும் ஒன்றுபோலத் தெரியும்.

6. உயிர்காப்பு ஜாக்கெட்டை விமானத்துக்குள் ஊதாதீர்கள். 1996 நவம்பர் 23 அன்று கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் எரிபொருள் தீர்ந்து கொமோரோஸ் அருகே கடலில் விழுந்தது. 175 பேரில் 125 பேர் இறந்தார்கள். உள்ளேயே ஜாக்கெட்டை ஊதிக்கொண்ட பலர் நீர் ஏறியபோது மிதந்துபோய்க் கூரையில் ஒட்டிக்கொண்டு, கதவை அடைய முடியாமல் மூழ்கினார்கள். கிளம்பும் முன் பணிப்பெண் செய்துகாட்டும்போது சொல்வது இதைத்தான்.

'சும்மா சொன்னேன்' செல்லாது

2017 அக்டோபர் 30 அன்று மும்பை–டெல்லி விமானத்தின் கழிவறையில் கடத்தல் மிரட்டல் கடிதம் கிடைத்து, விமானம் அகமதாபாத்துக்குத் திருப்பப்பட்டது. புதிய சட்டத்தின் கீழ் முதல் தண்டனை இந்த வழக்கில்தான் விழுந்தது: 2019-இல் மும்பை நகை வியாபாரி ஒருவருக்கு ஆயுள் சிறையும் 5 கோடி ரூபாய் அபராதமும். 2023-இல் குஜராத் உயர் நீதிமன்றம், குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று அவரை விடுவித்தது. ஒரு துண்டுக் காகிதத்தின் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும், குற்றச்சாட்டு மட்டுமே தீர்ப்பாகிவிடாது என்பதற்கும் அந்த ஒரே வழக்கு சாட்சி.

2017 முதல் பறக்கத் தடைப் பட்டியலும் இருக்கிறது. வாய்த்தகராறுக்கு 3 மாதம் வரை, கைவைத்தால் 6 மாதம் வரை, உயிருக்கு ஆபத்தான நடத்தைக்குக் குறைந்தது 2 ஆண்டு தடை. விமானி அறைக்குள் நுழைய முயல்வது இந்தக் கடைசி வகையில் சேரும்.

இனி அந்தக் கழிவறை. ஏடிஆரில் பின்பக்கக் கதவு வழியாகத்தான் ஏறுவீர்கள், கழிவறையும் பின்னால்தான். பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ பெரிய விமானத்துக்கு மாறும்போது ஏறுவது முன்கதவு வழியாக. அங்கே முன்பக்கக் கழிவறைக்கும் விமானி அறைக்கும் நடுவே சில அடிகள்தான் இடைவெளி. எந்தக் கதவு என்று சந்தேகம் வந்தால் கைப்பிடியைத் தொடும் முன் பணிப்பெண்ணைக் கேளுங்கள். தமிழில் கேட்டாலும் கையைக் காட்டிவிடுவார்.